வெள்ளையின் மேல் வெள்ளை

செத்தவர்கள் முகத்தை அச்சடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ராயப்பேட்டையில் அச்சுக்கடை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான் இங்கே பாதிக் கடைகளுக்குச் சோறு போடுகிறது. இருக்கும்போது ஒரு வாய் கஞ்சி ஊற்றாத மகன், போன பிறகு வாசலை அடைக்கிற அளவுக்குப் படம் கேட்பான். அதிலும் அப்பாவைவிடத் தன் முகம் பெரிதாக வர வேண்டும் என்பான். எனக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டு மூன்று சண்டைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஷரீஃப், "ஆஃப்ரீன், நீ கண்ணாடி வேலைய மட்டும் பாரு, மனுசங்கள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்த மாதிரிதான். ஆனால் மனிதர்களிடம் சிரித்துப் பேசுவார்.

கண்ணாடி வேலை என்றால், கடைக் கண்ணாடிகளில் ஒட்டும் தெளிவான படலம். பசை கிடையாது. வழவழப்பான இடத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும், வேண்டாதபோது உரித்து எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டலாம். அதில் வெள்ளை மையால் அடிக்கிறோம். மயிலாப்பூர் நகைக்கடை, தி.நகர் பட்டுக்கடை, அடையாறு கேக் கடை, எல்லாக் கண்ணாடியிலும் என் வெள்ளை இருக்கிறது.

வெள்ளை மைக்கு என்னைப் போலவே கோபம் அதிகம். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் அடியில் தங்கி மெஷினை அடைத்துக்கொள்ளும், தினமும் காலையில் குலுக்கிவிட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அது கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையே வெள்ளை என்பதால், வெள்ளை வர வேண்டிய இடத்தை ரோஸ் நிறத்தில் காட்டி வேலை செய்வோம். படலத்தின் முதுகில் ஒட்டி வருகிற தாளும் வெள்ளை. அதனால் மெஷினிலிருந்து வரும்போது வெறும் தாள்தான் வரும். உரித்து எடுத்து இருட்டுக்கு எதிரே பிடித்தால்தான் என்ன அடித்தோம் என்பதே தெரியும்.

ஹாஜிரா பீ வந்தது ஒரு மத்தியான நேரம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் கணவர் அப்துல் சமத், மார்க்கெட் பக்கம் சூட்கேஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். முகம் பழக்கம், பேசிப் பழக்கமில்லை.

"மெஹந்தி கடை கண்ணாடில பொண்ணு படம் போட்டது நீதானே மா?"

"ஆமா காலா. இன்னா வேணும்?"

பெரியம்மா சித்தி வயதுள்ள எல்லாரும் எங்களுக்குக் காலாதான். அவர் மொபைலை நீட்டினார். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம், நெற்றியில் துப்பட்டாவை மீறி வந்த ஒரு சுருள் முடி.

"ஆயத். என் பொண்ணு. போன ரமளானுக்கு முன்னாடி மௌத்தாயிட்டா. காய்ச்சல்தான், மூணாம் நாளுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்."

"காலா, மௌத்தானவங்க படம் நான் அடிக்கறதில்ல."

"நாங்களும் மாட்டறதில்ல" என்றார் ஹாஜிரா பீ.

அது எனக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் பலவற்றில் சுவரில் உருவப்படம் இருக்காது. படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள், வானவர்கள், வரமாட்டார்கள் என்பது நம்பிக்கை, படத்துக்கு எதிரே நின்று தொழக் கூடாது என்பது வழக்கம். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. யாராவது போய்விட்டால் மட்டும் அந்தச் சுவர் ரொம்ப வெறுமையாகத் தெரியும்.

"போன்ல பாத்துக்கலாமே காலா."

"போன்ல நான் தொறந்தாதான் வரா. அவளா வரணும்."

மொபைலைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே சொன்னார். "ஹால்ல ஒரே ஜன்னல். அதுல ஒட்டிக்கறேன். அவரு கடைல கீற நேரத்துல தெரிஞ்சா போதும். பொழுது சாஞ்சு மஃரிபுக்கு வீட்டுக்கு வந்துருவாரு, முட்டி வலி, நாற்காலி போட்டு வீட்லயே தொழுவாரு. அப்போ தெரியக் கூடாது. பாத்தார்னா கத்த மாட்டாரு. எடுத்துடு ஹாஜிரானு ஒரே வார்த்த சொல்வாரு. அவரு வார்த்தய நான் தட்டினதில்ல. அப்பறம் எனக்குனு ஒண்ணும் இல்ல மா."

"கவலப்படாதீங்க" என்றேன். "வெள்ளை மை அப்படித்தான். பகல்ல பளிச்சுனு தெரியும், உள்ள லைட்டப் போட்டா மங்கிடும்."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! இதிலேயே ஊறிப்போனவள் இல்லையா.

அன்று சாயங்காலமே அடித்தேன். திரையில் அந்தப் பெண் முழுக்க ரோஸாக உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் படுகிற நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மை. கண்ணும் முடியும் நிழலும் வெறும் படலம். வெள்ளை அழுத்தமாக வர ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை மை வைத்தேன். மெஷின் அவளை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக வெளியே தள்ளியது. தாளில் ஒன்றுமே இல்லை. ட்யூப் லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தால் ஈரப் பளபளப்பு மாதிரி ஏதோ ஒன்று. விரல் வைத்தேன். மேடாக ஒரு மூக்கு தட்டுப்பட்டது. கையை எடுத்துவிட்டேன்.

படத்தை வாங்கிப் போய் இரண்டு நாள் கழித்து ஹாஜிரா பீ மறுபடி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"தலகீழா ஆயிடுச்சு மா. பகல்ல அழுக்கு மாரிதான் கீது. அவரு தொழ உக்காந்தாரு. நான் லைட்டப் போட்டேன். எதுக்க வந்து நிக்கறா."

என் மர மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வேலை செய்வதெல்லாம் கடைக் கண்ணாடிக்கு. கடையைப் பார்க்கிறவர்கள் தெருவில் நிற்பார்கள். பகலில் கடைக்குள்ளே இருட்டு, அதனால் வெள்ளை தெரியும். உள்ளே விளக்குப் போட்டால் மங்கிவிடும். வீட்டு ஜன்னலை யார் தெருவில் நின்று பார்க்கிறார்கள்? உள்ளே இருந்து பார்த்தால் எல்லாமே நேர் எதிர். பகலில் வானத்து வெளிச்சம் அவளை விழுங்கிவிடும். வெளியே இருட்டி உள்ளே விளக்கு எரிந்தால்தான் அவள் வருவாள். சரியாக மஃரிப் நேரத்தில். மேற்குப் பக்க ஜன்னல் வேறு. மேற்கே பார்த்துத்தானே தொழுவார்கள்.

"சமத் பாய் இன்னா சொன்னாரு?"

"தொழுது முடிச்சு சலாம் குடுத்தாரு. அப்படியே உக்காந்துகினு இருந்தாரு. அப்பறம் டீ கேட்டாரு. பாத்தாரா இல்லையானே தெரியல. அதான் மா பயமா கீது."

அடுத்த நாள் சமத் பாய் சாமான் வாங்கக் கிண்டிக்குப் போயிருந்தார், திரும்ப ராத்திரியாகும். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் மாடி, சின்ன ஹால். ஜன்னலுக்கு வெளியே மொட்டை மாடிகளும் வானமும். கண்ணாடியில் கை துடைத்த கறை மாதிரி ஏதோ இருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் வலது பக்கம் சுவரோரம் வெள்ளை ஃப்ரிட்ஜ். வேறு ஜன்னல் உண்டா என்று தேடினேன். சமையலறையில் புகைபோக்கி ஓட்டைதான் இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வானம் சிவந்து, பிறகு சாம்பலாகிக்கொண்டிருந்தது. ஹாஜிரா பீ சுவிட்சைப் போட்டார்.

முதலில் நெற்றி வந்தது. வெளியே இருட்ட இருட்ட மூக்கு, கன்னம், அந்தச் சுருள் முடி. கண் இருந்த இடத்தில் மை இல்லை, அதனால் அவள் கண்ணுக்குள்ளே வெளி இருட்டே இருந்தது. எங்கேயோ ஒரு மாடியில் யாரோ விளக்குப் போட்டார்கள், அது அவள் இடது கண்ணில் எரிந்தது. நான் அடித்த படம். என்ன மை, எத்தனை தடவை, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் எனக்குப் பயமாக இருந்தது. துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இதே நேரத்துக்குத்தான் வருவா" என்றார் ஹாஜிரா பீ மெல்ல. "அவரு தொழுது முடிக்கற வரைக்கும் அந்த ஜன்னல்ல சாஞ்சுகினு நிப்பா. சலாம் குடுத்து முடிச்ச உடனே எதனா கேப்பா. சார்ஜர் வாங்கணும், ஃப்ரெண்டு வீட்டுக்குப் போகணும். தொழுது முடிச்சவரு இல்லைனு சொல்ல மாட்டாராம்."

பிறகு ஜன்னலிடம் போய் ஓரத்தில் நகம் வைத்து மகளை உரித்தார். அவள் மடங்கி, அவர் கைக்குள் காணாமல் போனாள். கொண்டு போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துத் தடவினார். வெள்ளைக் கதவில் வெள்ளை முகம். ஒன்றும் இல்லை.

"அவரு வரதுக்கு முன்னாடி இங்க வெச்சுட்டா தெரியாதில்ல?"

"தெரியாது காலா."

"அவரு தூங்கினப்பறம் ஜன்னல்ல வெச்சுக்கறேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு மறுபடி இங்கயே வெச்சுடறேன்."

அதற்குப் பிறகு சில வாரம் எனக்குச் சாயங்காலம் என்றாலே ஆகவில்லை. பாங்கு கேட்டால் கை தானாக நின்றுவிடும். கடை விளக்கைப் போடுவதற்கு முன்னால் கண்ணாடிக் கதவில் யாரும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். ஷரீஃப் கேலி செய்தார். "ஊரே பயப்படற பொம்பள கண்ணாடிக்குப் பயப்படறா" என்றார். திட்டக்கூடத் தோன்றவில்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள், அப்துல் சமத் கடைக்குள் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. ஒரே வார்த்தை என்று ஹாஜிரா பீ சொன்னது ஞாபகம் வந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு செய்தித்தாளைப் பிரித்தார். அதன் கறுப்பு எழுத்துகள் மேல் ஆயத் கிடந்தாள். காதிலிருந்து தாடை வரை கிழிந்திருந்தாள்.

"நான்தான் மா கிழிச்சேன்" என்றார். "வேணும்னு இல்ல. விடியக்காலைல ஃபஜ்ருக்கு எழுந்தா தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜ் கிட்ட போவேன். கைய வெச்சுப் பாப்பேன். மூக்கு தெரியும், நெத்தி தெரியும். இன்னிக்கு மழ ஈரம், பிடிக்காம நழுவிக் கீழ விழுந்துடுச்சு. நாற்காலிய இழுத்தேன், அதோட கால்ல மாட்டிக்கிச்சு. ஹாஜிரா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. மஃரிபுக்கு முன்னாடி வந்துருவா. அதுக்குள்ள ஒண்ணு போட்டுக் குடுத்துடு."

"உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"மொத நாளே தெரியும்."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொழுது முடிச்சா வலது பக்கம் சலாம் சொல்றோம், இடது பக்கம் சலாம் சொல்றோம். எதுக்க சொல்றதில்ல. அன்னிக்கு எதுக்கதான் வந்து நின்னா. எப்பவும் மாரி காத்துகினு நின்னா. படத்துக்குப் பதில் சொல்லக் கூடாதில்லையா. நான் சொல்லாம டீ கேட்டேன்."

செய்தித்தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"அதுக்கப்பறம் எதுக்க இல்ல. வலது பக்கம் ஃப்ரிட்ஜுல கீறானு ஃபஜ்ருக்குக் கைல பட்டப்பதான் தெரிஞ்சது. கண்ணுக்குப் படம் தெரியல. வெறும் வெள்ளக் கதவுதானே. அந்தப் பக்கம் சலாம் சொல்லலாம் இல்ல? தப்பில்ல இல்ல?"

என்னிடம் கேட்டார். நான் என்ன மார்க்கம் படித்தவளா? "தப்பில்ல பாய்" என்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை.

மை பாட்டிலை நன்றாகக் குலுக்கினேன். இந்தத் தடவை இரண்டுக்குப் பதில் மூன்று தடவை வைத்தேன். அந்த விரலுக்கு நன்றாகத் தட்டுப்படட்டும் என்றுதான். தாள் வெறுமையாக வெளியே வந்தது. சமத் பாய் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. விரல் வைத்தார், நெற்றியில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே வந்தார்.

"கீறா" என்றார். "ஹாஜிராக்குத் தெரிய வேணாம். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா எடுத்துடுவா."

கிழிந்ததை அவர் எடுத்துப் போகவில்லை. என்னால் குப்பையில் போட முடியவில்லை. செய்தித்தாளில் சுற்றி மெஷினுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் துடைப்பம் போவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜிரா பீ ஆட்டுக்கால் பாயா கொண்டுவந்தார். தூக்குவாளியை மேசை மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா நல்லாப் பிடிக்குது மா. முன்னைய விடத் தடிப்பா வேற கீது."

"மழ நாள்ல மை உப்பும் காலா" என்றேன். உப்பாது.

அவர் தலையாட்டினார். எழுந்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வாசல் வரை போய்விட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று நான்தான் கேட்டேன்.

"இன்னும் ஃப்ரிட்ஜுலதான் வெக்கறீங்களா?"

"கீழ்க் கதவுல" என்றார் ஹாஜிரா பீ. "முன்னாடி மேல வெச்சுகினு இருந்தேன். அவரு நாற்காலில உக்காந்துதான தொழறாரு. சலாம் குடுக்கத் திரும்பினா அவரு மூஞ்சிக்கு நேரா இருக்கணும் இல்ல."

பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் மழையில் இறங்கி வேகமாக நடந்தார். நான் கடை விளக்கைப் போட எழுந்தேன்.