காதில் கம்பி வைத்த புறா

ஆய்வகத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பேராசிரியர் காலையில் வந்து மழை வரும் என்று சொன்னால்கூட, ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள் என்பதால் வந்த பெயர். அவள் காதுபடவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைதான்.

அவள் வேலை புறாக்களோடு. புறாவின் நடுமூளையில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்துப் பேருந்து கிளம்புகிறது, நம்முடையதுதான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் ஏமாந்துபோகிறோம் அல்லவா? அந்த மாதிரி, கண்முன் இருக்கும் உலகம் மொத்தமாக நழுவுவதைப் பறவைக்குச் சொல்கிற இடம் அது. அது சரியாகச் சொன்னால்தான் பறவை தடுமாறாமல் பறக்கும். மயக்கத்தில் இருக்கும் புறாவின் எதிரே ஒரு திரையில் புள்ளிகளை ஓடவிட்டு, முடியைவிட மெல்லிய ஊசியை இறக்கி, அந்த முடிச்சில் இருக்கும் ஒற்றைச் செல்லை அவள் ஒட்டுக்கேட்பாள். செல் துடித்தால் மேசைமேல் இருக்கிற ஸ்பீக்கர் படபடக்கும். புள்ளிகள் ஒரு பக்கம் ஓடினால் படபடப்பு, மறுபக்கம் ஓடினால் மௌனம். அந்தச் சத்தத்தைக் கேட்டே அது எந்தப் பக்கத்துச் செல் என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் அவள் பையிலிருந்து சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது. திரையில் ஒரு புள்ளியும் அசையவில்லை. ஆனால் ஸ்பீக்கர் படபடத்தது.

குனிந்து எடுத்தவள், வேண்டுமென்றே மறுபடி போட்டாள். மறுபடி படபடப்பு. கண்ணுக்கென்றே இருக்கிற செல்லுக்குக் காது கேட்கிறது! அவள் அந்த இருட்டறையில் தன்னந்தனியாக ஒரு குதி குதித்தாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் சாவிக்குப் பதிலாக முறையான ஒலிகளைக் கொடுத்து, புறாவுக்குப் புறா பார்த்து, எல்லாவற்றையும் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள்.

பேராசிரியரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த முடிச்சு கண்ணுக்கு மட்டுமே உரியது என்று முதலில் சொன்னவர் அவர்தான். பாடப்புத்தகங்களில் அது அவர் பெயரோடு சேர்ந்தே இருக்கும். சிரித்த முகம், மாணவர்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அன்று நன்றாகவே தணிந்திருந்தது.

"இது செல்லு இல்லம்மா, உன் ஸ்பீக்கர். செல்லு லேசா துடிக்குது, ஸ்பீக்கர் கத்துது, பறவை அந்தக் கத்தலக் கேட்டு மறுபடி துடிக்குது. அதையெல்லாம் நீ கண்டுபிடிப்புன்னு எழுதிட்டு வந்திருக்க."

"பறவை அதைக் கேக்குதுன்னு நீங்களே சொல்றீங்களே சார்."

"மூளையில எங்கயோ கேக்கும். இங்க கேக்காது. நான் பார்த்தாச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கைதட்டிப் பார்த்தாச்சு, மணியடிச்சுப் பார்த்தாச்சு." ஆய்வேட்டைப் புரட்டி, அந்த அத்தியாயத்தை மட்டும் உருவித் தனியாக வைத்தார். "இதைத் தூக்கிடு. மிச்சமெல்லாம் தங்கம். நாளைக்கே கையெழுத்து போடறேன்."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் வெளியூரில் ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. பட்டம் கையில் வந்ததும் சேர வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள்.

"செக் பண்ணிட்டுத் தூக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டில். அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் தப்புக்குப் பிரேக் போட்டுப்போட்டு, வீட்டிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

"ஏன்டி, ஒரே ஒரு அத்தியாயம். தூக்கிப் போட்டுட்டு வேலைல போய் உக்காரு. அப்புறம் மகாராணியா அதை எழுதிக்கோ. இப்ப யாரு உன் கைய முறுக்கறது?"

"அவர்தான்."

"ஹாரன் அடிச்சா கண்ணு தானா அந்தப் பக்கம் போகுது. இது ஊருக்கே தெரியும். இதுக்கு எதுக்கு அவரோட மல்லுக்கட்டற?"

"தெரியறது வேற, காட்டறது வேறக்கா. நான் காட்டியிருக்கேன். பொய்யின்னு அவர் காட்டட்டும், நானே கிழிச்சுப் போடறேன். தூக்குன்னு சொன்னா மட்டும் தூக்க மாட்டேன்."

"உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்று அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படுத்தபிறகுதான் பயம் வந்தது. ஸ்பீக்கர் விஷயத்தில் பெரியவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? அப்படியானால் பல வார உழைப்பும் பறவையின் துடிப்பையே அவள் பறவைக்குப் போட்டுக்காட்டிய கூத்தாகிவிடும்.

காலையில் முதல் வேலையாக ஸ்பீக்கரின் கம்பியைப் பிடுங்கினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தன்னைத் தவிர வேறு யாருக்கும் செல்லின் சத்தம் கேட்காதபடி செய்துகொண்டு, ஒலியைக் கொடுத்தாள். முன்பெல்லாம் ஒலிக்குப் பின்னால் நீண்டுகொண்டே போன படபடப்பைக் காணோம். மறுபடி கொடுத்துக் கூர்ந்து கேட்டாள். ஒலி கேட்ட உடனே வரும் அந்த முதல் வெடிப்பு அப்படியே இருந்தது. வால் மட்டும்தான் ஸ்பீக்கருடையது, தலை செல்லுடையதுதான். பெரியவர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை அவருக்குக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு ஏன் அவருக்கு எதுவுமே கேட்கவில்லை? அவர் பொய் சொல்கிற ஆள் அல்ல. கைதட்டினேன் என்றால் கைதட்டித்தான் இருப்பார்.

தண்ணீர் பிடிக்கப் போகும் நடையில் அவருடைய பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. கறுத்த தலைமுடியோடு இளைஞராகப் பெரியவர், பக்கத்தில் தாங்கியில் ஒரு புறா. தினமும் தாண்டிப்போகிற படம்தான். அன்று நின்று பார்த்தாள். புறாவின் தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள் பிடித்திருந்தன. கம்பிகளின் நுனிகள் இருந்த இடம் புறாவின் காதுத் துளைகள்.

அந்தக் காலத்துத் தாங்கி அப்படித்தான். அவளுக்கு அது பிடிக்காமல், மண்டையோட்டின் மேல் ஒரு சிறு குமிழை ஒட்டித் தலையைப் பிடிக்கும் புதுத் தாங்கியை வைத்திருந்தாள். பெரியவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும், காதை நன்றாக அடைத்துவிட்டு, மணியடித்துப் பார்த்து, இந்தச் செல்லுக்குக் காது கேட்காது என்று எழுதிவைத்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இந்தப் படத்தைத் தாண்டி எத்தனை பேர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள்!

நேராகப் போய் அவரைக் கூப்பிட்டாள். "வாங்க சார். நீங்களே செய்யுங்க. நான் கைய வைக்கல."

அவர் வந்தார். அவருக்கும் ஹெட்ஃபோன் கொடுத்தாள். பெரியவர் விரலைச் சொடுக்கினார். வெடிப்பு. இன்னொரு முறை சொடுக்கினார். வெடிப்பு. பிறகு அலமாரியில் கிடந்த தன் பழைய கம்பிகளை எடுத்து, பழகிய கையால், புறாவுக்கு வலிக்காதபடி காதுகளில் பொருத்தினார். சொடுக்கினார். ஒன்றுமில்லை. புள்ளிகளை ஓடவிட்டார், செல் வழக்கம்போலப் படபடத்தது. கம்பிகளை உருவினார். சொடுக்கினார். வெடிப்பு.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேசியபோது குரல் தணியவில்லை, உடைந்திருந்தது.

"நான் ஓய்வு பெறப்போற நேரம்மா. போனப்புறம் வெளியிட்டுக்கோயேன். யாரு வேண்டாங்கறா?"

அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. இந்த மனிதர் அவளுக்கு ஊசியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அவர் தப்பு செய்ததற்காக அவள் கோபப்படவில்லை. அதைத் தெரிந்துகொண்டபின் மூடிமறைக்கச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"முடியாது சார்."

"அப்ப அத்தியாயம் இருந்தா என் பேர் இருக்காது. ரெண்டுல ஒண்ணு பார்த்துக்கோ."

அவள் கணினியில் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். வழிகாட்டி என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தாள்.

"பைத்தியமா உனக்கு? அந்த வேலை போயிடும்."

"போகட்டும்."

"வேற வழிகாட்டி தேடி, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எத்தனை நாளாகும் தெரியுமா?"

"ஆகட்டும் சார். புறா இருக்கு, நான் இருக்கேன்."

ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, அடுத்த செல்லைத் தேடி ஊசியை மெல்ல இறக்க ஆரம்பித்தாள். பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோபமாகத் திரும்பிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"சார்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கதவ மெதுவா சாத்துங்க. அதுக்குக் காது கேக்கும்."