நாலாவது துணி

யோகேஸ்வரனுக்கு வண்டி என்றால் உயிர். மனைவி ஜீவராணி இதைக் கேலியாகச் சொல்வாள், லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எரிச்சலாகச் சொல்வார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து மனிதன் சொந்தமாகக் கார் வைத்திருப்பது சும்மா காரியமா என்ன? பெயிண்ட் உதிர்ந்த பழைய ஜப்பான் கார் அது. இடது பக்கக் கதவு மட்டும் வேறு நிறம். ஆனால் யாரையாவது குளவி கொட்டினாலும், எவளுக்காவது பிரசவ வலி வந்தாலும், எரிச்சல்பட்ட அதே ஆட்கள்தான் அவன் காம்பரா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவனும் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வெளியே வருவான். அந்தப் பெருமையில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

இரண்டு வருடமாக அந்த வண்டியின் முதல் வேலை ஜீவராணியைச் சுமப்பது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு மேலும் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை டொக்டர் யோகேஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை திரும்பி வரும் வழியில்தான் இஞ்சின் வெடித்தது. கடகடவென்று ஒரு சத்தம், பிறகு ரோட்டெல்லாம் ஒயில். கராஜ் வைத்திருக்கும் சப்ராஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது முடிஞ்சுதுண்ணே. வேற இஞ்சின்தான் போடணும். கண்டிப் பக்கம் யார்டுல ஒன்னு இருக்கு. புதன்கிழமை ஏத்திட்டு வந்து ஒங்க வாசல்லயே மாட்டித் தாறேன். வியாழக்கிழமை மதினிய கூட்டிட்டுப் போயிரலாம்."

சொன்னபடியே புதன்கிழமை காலையில் இஞ்சின் வந்தது. லயத்துக்கு முன்னால் மூன்று சவுக்குக் கம்பங்களை முக்காலியாக நட்டு, உச்சியில் சங்கிலிக் கப்பியைக் கட்டினார்கள். அன்று பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாத ஆண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கப்பியை இழுத்தவர்கள் நான்கு பேர், யோசனை சொன்னவர்கள் பதினான்கு பேர். செத்த இஞ்சின் ஒயில் சொட்டச் சொட்ட மேலே போய் ஒரு பக்கம் இறங்கியது. மத்தியானத்துக்குள் மற்றது உள்ளே உட்கார்ந்து, தாங்கு நட்டுகளும் முறுக்கியாகிவிட்டது. ஜீவராணி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"எனக்கு இப்படி ஒன்ன மாட்டிவிட ஆளில்லையே" என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரன் மட்டும் ஸ்பேனரோடு குனிந்துகொண்டான். அவளுக்குக் கொடுக்க அவன் சிறுநீரகம் பொருந்தவில்லை. அந்த வலி அவனுக்கு ஆறவே இல்லை.

காற்றை உள்ளே இழுக்கும் குழாய்த்தொகுதியைப் பூட்டுவதுதான் அடுத்த வேலை. அதற்கு இடையில் வைக்கும் பாக்கிங் போதாமல் சப்ராஸ் பசார்க் கடைக்கு ஓடினான். அந்த நேரத்தில்தான் கீழ் லயத்துப் பக்கமிருந்து மேளச் சத்தம் கிளம்பியது. சாவு மேளம். பக்கத்துக் காம்பரா வீரம்மா அங்கே மகன் வீட்டில் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். யாரும் கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பெரியவர் நல்லமுத்து கப்பிச் சங்கிலியைக் கீழே போட்டார்.

"வைங்கடா சாமான. பொணம் கெடக்கையில வேல செய்யக்கூடாது."

அது அந்தத் தோட்டத்தில் எழுதாத சட்டம். சாவு விழுந்தால் கொழுந்துக் கூடையும் இறங்கும், கத்தியும் இறங்கும். அடக்கம் முடியும்வரை லயத்தில் ஆணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. ஒட்டியிருக்கும் வீட்டுக்காரன் குழி வெட்டப் போகவேண்டும். யோகேஸ்வரன்தான் அந்த ஒட்டிய வீட்டுக்காரன்.

தூறல் வேறு போட ஆரம்பித்துவிட்டது. இஞ்சினின் பக்கவாட்டில் காற்றிழுக்கும் ஓட்டைகள் நான்கும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. தண்ணீர் இறங்கினால் எல்லாம் பாழ். அவன் கொடியில் கிடந்த ஜீவராணியின் பழைய சேலையை இழுத்து, ஒரு மூலையைக் கிழித்தான். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட சேலை. மூன்று ஓட்டைக்குப் பெரிய சுருட்டாகவே வைத்து அடைத்தான். நாலாவதுக்குச் சின்னத் துண்டுதான் மிச்சம். அது நிற்காமல் நழுவியது. விரலை விட்டு நன்றாக உள்ளே தள்ளினான். மேலே தார்ப்பாய்ப் படங்கைப் போட்டுக் கல் வைத்தான். நல்லமுத்து மறுபடியும் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

வியாழக்கிழமை காலை ஜீவராணியின் முகம் லேசாக ஊதியிருந்தது.

"ஏங்க, பஸ்லயே போயிருவோங்க."

"ரெண்டு பஸ் மாறி நின்னுக்கிட்டா போவ? போன தடவ வாந்தியெடுத்து விழுந்தது மறந்துபோச்சா? குழி வெட்ட நான்தான் போவணும். பொழுதுபட வண்டி ரெடியாகிரும். காலையில நம்ம வண்டியிலேயே சொகமா போவோம்."

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினான். வெள்ளிக்கிழமை காலையில் கட்டாயம் கொண்டுவரவேண்டும், அதற்கு மேல் தாங்காது என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னாள். அவன் தலையாட்டினான், போனில் தலையாட்டுவது தெரியுமா என்ன. ஜீவராணி இன்னொரு தரம் "பஸ்" என்றாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அடக்கம் முடிந்ததும் சப்ராஸ் வந்து தனியாகவே வேலையைத் தொடங்கினான். யோகேஸ்வரன் குழிமண் போகப் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அடைச்ச துணியெல்லாம் எடுத்துட்டேன்!" என்று சப்ராஸ் கத்தினான்.

"சரி சரி, பூட்டு!" என்று இவன் சோப்பு நுரையோடு கத்தினான். நான்கையும் எடுத்திருப்பான் என்று இவன் நினைத்தான். அடைத்ததே மூன்றுதான் என்று அவன் நினைத்திருந்தான். நாலாவது ஓட்டையில் பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மங்கலில் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. லயமே கைதட்டியது. ஆனால் சத்தம் சீராக இல்லை. மூன்று காலில் நொண்டுகிற மாடு மாதிரி இழுத்தது. சப்ராஸ் பிளக்கை மாற்றினான், வயரை மாற்றினான், காதை வைத்துக் கேட்டான்.

"ஒரு பிஸ்டன் வேல செய்யலண்ணே. திரும்பக் கழட்டிப் பாத்துருவோமா?"

யோகேஸ்வரன் இஸ்தோப்பைப் பார்த்தான். ஜீவராணி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கழற்றினால் காலையில் போகமுடியாது.

"ரொம்ப நாள் சும்மா கெடந்த இஞ்சின். ஓட ஓட சரியாகிரும். போயிட்டு வந்து பாப்போம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஜீவராணியின் தங்கை அழகம்மா பின்சீட்டில் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தலவாக்கலை வரைக்கும் வண்டி நொண்டிக்கொண்டே வந்தது. நானுஓயா ஏத்தத்தில் மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. அவன் கியரைக் குறைத்து மிதித்தான். உள்ளே ஏதோ 'டக்' என்று உடைந்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் இரும்புச் சத்தம்தான்.

"மச்சான், அக்காவுக்கு மூச்சு வரமாட்டேங்குது!" அழகம்மா அலறினாள்.

அவன் நடுரோட்டில் நின்று கையை விரித்தான். போன வான்கள் எல்லாம் ஆள் நிரம்பிப் போயின. ஒரு பஸ், நிற்க இடமில்லாமல், ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. வியாழக்கிழமை அவள் ஏறியிருக்கவேண்டிய அதே பஸ். கடைசியில் ஒரு மரக்கறி லொறி நின்றது. சிங்கள டிரைவர் பார்த்த பார்வையிலேயே விளங்கிக்கொண்டு, "நகின்ன, நகின்ன!" என்று கதவைத் திறந்து அவர்களை ஏறச் சொன்னான். அந்த மனிதன் வழியெல்லாம் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜீவராணியின் தலை யோகேஸ்வரனின் தோளில் இருந்தது. அவள் விரல்கள் அவன் சட்டையைப் பிடித்திருந்தன. நுவரெலியா டவுனுக்குள் நுழைந்தபோது அந்தப் பிடி விட்டுப்போனதை அவன் உணர்ந்தான். டிரைவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த மனிதன் ஹோர்ன் அடித்துக்கொண்டேதான் போனான்.

மறுநாள் மத்தியானம் உடலைக் கொண்டுவந்து காம்பராவில் கிடத்தினார்கள். லயத்தில் மேளம் அடித்தது. சப்ராஸ் காரை இழுத்துவந்து பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டிய கால்கட்டு வழியில் அவிழ்ந்துபோயிருந்தது. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட அழகம்மா துணி தேடினாள். கொடியிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள்.

"மச்சான், இதக் கிழிச்சுக்கவா? மூலையில ஏற்கெனவே கிழிஞ்சுதான் கெடக்கு."

கத்தரிப்பூ நிறம், மஞ்சள் பூ. யோகேஸ்வரன் அந்தக் கிழிந்த மூலையையே பார்த்தான். மூன்று பெரிய சுருட்டு, ஒரு சின்னத் துண்டு. அவன் வலது கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. எழுந்து வெளியே வந்தான்.

வெளியே நல்லமுத்து சப்ராஸைப் பிடித்துக்கொண்டு ஏசிக்கொண்டிருந்தார்.

"என்னத்தடா கொண்டாந்து மாட்டுன? ஒரு உசிரக் கொன்னுட்டியேடா!"

சப்ராஸ் தலை நிமிரவே இல்லை.

"சப்ராஸ், சாமான எடு. அந்தக் காத்துக் கொழாய கழட்டு" என்றான் யோகேஸ்வரன்.

"இப்பவா அண்ணே?"

"யோகேசு, புத்தி பெசகிப்போச்சா? பொணம் உள்ளுக்குக் கெடக்கு!" என்றார் நல்லமுத்து.

"கழட்டுடா!"

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் ஸ்பேனர் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. நாலாவது ஓட்டைக்குள் சப்ராஸ் குறடை விட்டு இழுத்தான். வளைந்துபோன வால்வில் சிக்கி, கருகி, நார்நாராக ஒரு துண்டு வந்தது. அதில் மஞ்சள் பூ ஒன்று பாதி மிச்சம் இருந்தது.

சப்ராஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அல்லாவே... மூணுதான் எடுத்தேண்ணே. இதுல கைய விட்டுப் பாக்கல. நான்தாண்ணே மதினிய கொன்னுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி சப்ராஸின் தலையோடு போய்விடும். லயமும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது. யோகேஸ்வரனுக்கு அந்த ஆசை வராமல் இல்லை, ஒரு மூச்சு நேரம் வந்தது.

"மாமா, அவன ஏசாதீங்க" என்றான். "நான்தான் வெரல விட்டு உள்ளுக்குத் தள்ளுனேன். அவன்கிட்ட சொல்லல. கழட்டிப் பாப்போமான்னு கேட்டான், வேணான்னுட்டேன். பஸ்ல போவோம்னு அவ ரெண்டு தடவ சொன்னா. அதையும் நான் கேக்கல."

யோகேஸ்வரன் பீலிக்குப் போய்க் கையைக் கழுவினான். கிரீஸ் போகவில்லை. அந்தக் கையோடேயே உள்ளே போய், அழகம்மாவிடமிருந்து சேலைக் கிழிசலை வாங்கி, ஜீவராணியின் கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டான்.

"இறுக்காதீங்க மச்சான்" என்றாள் அழகம்மா. "கால் வீங்கியிருக்கு."

அவன் முடிச்சை அவிழ்த்து, தளர்த்திக் கட்டினான்.