மாதம் ஒரு குளியல்

அழுக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பதினான்கு வருடமாக மேற்பார்வையாளர் நான். எந்தக் கறைக்கு எந்தப் பவுடர், எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் வீட்டு நாயை எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது என்பதையும் நான்தான் முடிவு செய்தேன். மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றாம் தேதி. தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தேன்.

நாயின் பெயர் மூட்டை. மூன்று வருடத்துக்கு முன், சலவைக்கு வந்த துண்டு மூட்டைகளுக்கு நடுவே கண்கூடத் திறக்காமல் கிடந்தவன். கையில் எடுத்தேன், கீழே விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து அவன் என் பிள்ளை. பெற்ற மகளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

அந்த மூட்டைமேல் இரண்டு மாதமாக வாடை. சும்மா இல்லை, வாசல் கதவைத் திறந்ததும் ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிற வாடை. கூடவே ஓயாத சொறிச்சல். இந்த நேரம் பார்த்து என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், போன் செய்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு மாதம் வந்து தங்குகிறேன் என்றார். ஆனால் ஆறாத புண்ணோடு, சொறிபிடித்த நாய் இருக்கும் வீட்டில் எப்படிப் படுப்பது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்குச் சாப்பிடும்போது வாயைத் திறந்தார்.

"அக்கா வர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள வாடை போகலைன்னா மூட்டையை எங்க கம்பெனி கிடங்குல கட்டிடலாம். வாட்ச்மேன் பார்த்துப்பார்."

சொல்லிவிட்டு, தட்டைவிட்டு நிமிராமல் சாப்பிட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் கல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை அவர் காதில் விழும்படி மகளிடம் சொல்லவும் செய்தேன்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சட்டம் மற்றவர்களுக்கு. எனக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. வாடை ஆரம்பித்த நாள் முதல், அப்பாவும் மகளும் கிளம்பியதும் மூட்டையைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். நன்றாக நுரை வரத் தேய்த்து, துண்டால் ஒற்றி, பால்கனியில் விட்டுவிடுவேன். போட்ட சட்டத்தை நானே மீறுகிறேன் என்று தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? ஏன் ஈரமாக இருக்கிறான் என்று மகள் கேட்டால், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அவன் மற்ற நாளிலும் கவிழ்த்தான். திங்கட்கிழமை ஈரமாக இருந்தான், கிண்ணத்தைக் கவிழ்த்தான் என்றாள் மகள். வியாழக்கிழமை ஈரமாக இருந்தான், கிண்ணம் என்றார் கணவர். கனமாக ஒரு கிண்ணம் வாங்கி வந்து வைத்தேன். கடன்காரன், அதையும் கவிழ்த்தான். ஷாம்பு பாட்டில் வேறு பத்தே நாளில் காலியானது. மகளின் நீளக் கூந்தல்மேல் பழியைப் போட்டேன்.

அவன் தொடையில் சொறிந்து சொறிந்து புண்ணானதும், ஒரு புதன்கிழமை மாலை மூன்று பேருமாக அவனைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண் மருத்துவர் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். தோல் செக்கச்செவேலென்று இருந்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர். ஒண்ணாம் தேதி," என்றேன், நிமிர்ந்து நின்று.

இந்தத் தோல் வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவையாவது நனைந்திருக்கிறது என்றார் அவர். மனிதர்கள் போடும் ஷாம்பு போட்டு, இயற்கையான எண்ணெய்ப் பசை மொத்தமும் போய்விட்டதாம். அடி ரோமம் காயவே இல்லையாம். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துத்தான் இந்த வாடை, இந்த அரிப்பு.

மகள் தேம்ப ஆரம்பித்தாள். திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளிப்பாட்டியது நான்தான் என்றாள். நான் வரிந்துகட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்புவதற்குள் கணவர் தொண்டையைச் செருமினார்.

"வாடை ஆரம்பிச்சதுலேர்ந்து வியாழக்கிழமை நான். நீ வேலைக்குப் போனதும்," என்றார். "இப்பவாவது வாடை போயிட்டா கிடங்குக்கு அனுப்ப வேண்டாம்ல. அவனை அங்க கட்டிட்டு வந்து, நான் மட்டும் நம்ம வீட்டுல எப்படி இருப்பேன்?"

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை நான் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஈரத்தோடு மடித்தால் துணி நாறும் என்று தினமும் என் பிரிவில் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். அப்படிப்பட்டவள் என் பிள்ளையை இரண்டு மாதம் ஈரத்தோடு மடித்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மருத்துவர் மாத்திரையும் களிம்பும் தந்தார். அவர் சொல்லும்வரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பிறகு மாதம் ஒருமுறை, நாய்க்கென்று விற்கிற ஷாம்புவில், ரோமத்தின் வேர்வரை காயவைக்க வேண்டும். என் சட்டம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, ஆட்கள்தான் சரியில்லை.

பத்து நாளில் வாடை அடங்கியது, புண்ணும் ஆறியது. வாடை போய்விட்டது, நீ வா என்று கணவர் அக்காவிடம் நாலே வார்த்தையில் சொல்லி போனை வைத்தார். அண்ணி வந்தார். முதல் நாள் மூட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார், மூன்றாம் நாள் தன் கட்டிலடியில் படுக்க விட்டார்.

நான்காம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிய நான், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். குளியலறையில் வாளி நிறைகிற சத்தம். கதவைத் தள்ளினேன். அண்ணி பிளாஸ்டிக் முக்காலியில், ஆபரேஷன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் மக். எதிரே மூட்டை, இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான் என்கிற முகத்தோடு காத்திருந்தான்.

"லேசா வாடை வர்ற மாதிரி இருந்துச்சு," என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "தம்பிக்குத் தெரிஞ்சா கிடங்குல கொண்டுபோய்க் கட்டிடுவானாமே. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

அதட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. குழாயை மூடினேன். ஈரத்தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூட்டையின் காதுக்குப் பின்னால் மோந்து பார்த்தேன்.

"இது நாய் வாடைதான் அண்ணி," என்றேன். "இவனை யாரும் எங்கேயும் அனுப்பப் போறதில்ல."

அண்ணி மக்கைக் கீழே வைத்தார்.