பூவார்ப் பெட்டிக்குச் சாவுமணி

மழை பெய்யும் மதியங்களில் பாறசாலையே பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மீனவர் சங்கத்தின் கணினிகளுக்கு நான் காவல். காவல்காரனுக்குத் தூக்கம் வருவது உலக வழக்கம். என்னைத் தோளில் தட்டி எழுப்பினாள் ஷாலு. அவள் கணவன் சஜு விடியலில் பூவாரிலிருந்து கடலுக்குப் போனவன். இப்போது காற்று மாறியிருந்தது. படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் திரையோ வெறும் நீலமாகக் கிடந்தது.

எங்களிடம் இரண்டு கணினிப் பெட்டிகள், ஒன்று இங்கே, ஒன்று பூவாரில். படகுகளைக் கவனிக்கும் மெய்நிகர் கணினி, அதாவது சொந்த உடம்பில்லாமல் பெட்டிக்குள் ஓடும் கணினி, அன்று பூவார்ப் பெட்டிக்குள் குடியிருந்தது. அந்தப் பெட்டி செத்தால், கூடுவிட்டுக் கூடு பாய்ந்து இங்கே எழும். ஆனால் பழைய கூடு உண்மையிலேயே செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே கணினி இரண்டு உடம்பில் எழுந்து, நெய்யாற்றின்கரையில் உள்ள பொதுச் சேமிப்பில் ஒன்றின்மேல் ஒன்று எழுதி, படகுகளின் தடங்களை அழித்துவிடும். சஜுவை எந்தத் திசையில் தேடுவது என்றே தெரியாமல் போகும். அதனால் சந்தேகம் வந்தாலே இந்தப் பெட்டி அந்தப் பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அன்று அதுவும் நடக்கவில்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் கம்பி அறுந்திருந்தது. துண்டிக்கும் கட்டளையையும் அதே கம்பியில் அனுப்பும்படி அமைத்திருந்தான் ஒரு மகா புத்திசாலி. நான்தான்.

திரை கேட்டது: பூவார்ப் பெட்டி அணைந்துவிட்டதை நேரில் உறுதிசெய்தீர்களா?

என் விரல் ‘ஆம்’ மேல் மிதந்தது. ஷாலு நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே இருந்தாள், நீர் வற்றிய பிறகும்.

ஜெயதாஸ் அண்ணனைப் போனில் பிடித்தேன். பூவார் அலுவலகச் சாவி அவரிடம். தேவாலயத்தில் சாவுமணி அடிக்கும் கோயில்குட்டியும் அவர்தான். பெட்டி செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். பக்கத்து ஊரான காரோட்டில் ஒருவர் காலமானதாகப் போன் வந்து, இவர் பார்க்கப் போனால், காலமானவர் பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டே இவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றச் சொன்ன கதையை ஆரம்பித்தார்.

“நேருல காணாம நான் மணியடிக்க மாட்டேன் மக்கா. பெட்டிக்கும் அப்பிடித்தான்.”

போனை அணைக்காமலே நடந்தார். குடைமேல் மழை, எங்கோ ஒரு படகின் எஞ்சின், பூட்டு திறக்கும் ஓசை. அந்தச் சத்தங்களில் எங்கள் அறை மெல்ல ஆற்றில் இறங்கி மிதப்பது போலிருந்தது. ஷாலுவின் முகம் தண்ணீருக்கடியில் தெரிவது போல அசைந்தது.

“எலே, இது சாவல்ல. பச்சை லைட்டு எரியுது. ஃபேன் கறங்குது. மூச்சு உண்டு.”

‘ஆம்’ மேலிருந்த விரலை எடுத்துக்கொண்டேன். எங்களோடு பேச்சற்றுப்போன பெட்டி, நெய்யாற்றின்கரைக்குப் போகும் வேறு கம்பியில் தன்னந்தனியாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

“பிளக்கைப் புடுங்குங்க அண்ணே.”

“உயிரோட இருக்கதையா?”

“ஆமா.”

விசிறி நீளமாக மூச்சுவிட்டு ஓய்வது எனக்கே கேட்டது. அண்ணன் முணுமுணுத்தது அநேகமாக ஜெபம். “இப்பம் போயாச்சு. நான் கண்டேன்.”

‘ஆம்’ அழுத்தினேன். மெய்நிகர் கணினி என்னைப் போலவே சோம்பலாக எழுந்தது. நீலத்தில் ஒவ்வொரு புள்ளியாக முளைத்தது. சஜுவின் தடம் ஓரிடத்திலும் அறாமல் வளைந்து, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தை நோக்கித் திரும்பியிருந்தது. அதில் பெரும்பகுதி பூவார்ப் பெட்டி கடைசி மூச்சுவரை எழுதியது.

ஷாலு அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தாள். “கரைக்கு வரட்டு, அவன நான் கொல்லுதேன்” என்றாள். பாதியில் குரல் உடைந்தது.

அவள் கைக்குப் பின்னால் இன்னும் மூன்று படகுகள் மறைந்திருந்தன. கையை எடுக்கச் சொல்வது என் உத்தியோகக் கடமை. சொல்லவில்லை, நாற்காலியை நகர்த்தி, சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டேன்.