கழுவிய வாளிகள்

சாண எரிவாயுத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவளுக்குத் தெருவில் மகாராணி என்று பட்டப்பெயர். விடிந்ததும் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்ச் சாணி, அழுகிய காய்கறி, மிஞ்சிய சாப்பாடு எல்லாம் வாங்கி வந்து கரைத்து ஊற்றுவாள். அந்த வாயுவில்தான் தெரு சமைத்தது.

இப்போது சில நாட்களாக வாயு வரவில்லை; எல்லோரும் பழையபடி விறகுக்குப் போய்விட்டார்கள். குழாயைப் பிரித்துப் பார்த்தாள், அடைப்பு இல்லை. வால்வை மாற்றினாள். சாணியைக் கூட்டி ஊற்றினாள். தொட்டி அசைந்து கொடுக்கவில்லை. மகாராணியின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னாராம். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்கு இழுப்பு. விறகுப் புகையில் இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இன்னும் ரெண்டு நாள் இப்படியே போச்சுன்னா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து மகாராணி சாணி வாளிகளை எடுக்கப் போனாள். அவள் கழுவி வைத்ததைவிடப் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. முகர்ந்தாள். பினாயில்.

கணவன் பின்னால் வந்து நின்றான். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் சில நாட்களாகத் தினமும் தான் மறுபடி பினாயில் விட்டுக் கழுவுவதாகச் சொன்னான். அவளைக் கண்டதும் ஆட்கள் மூக்கைப் பொத்துவது அவனுக்குப் பொறுக்கவில்லையாம்.

"கழுவின தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"தொட்டியிலதான். ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

சொன்னது அவள்தான். அவனிடம் மட்டுமா, தெரு முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள்.

தரையில் உட்கார்ந்தாள். வாயுவை உண்டாக்கும் கிருமியெல்லாம் பினாயிலில் செத்திருக்கும். முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுச் சாணியில் ஆரம்பிக்க வேண்டும். மறுபடி நெருப்புப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவன் விரல்களில் தோல் உரிந்திருந்தது.

"உள்ள மட்டும் இறங்கிடாதீங்க. விஷக்காத்து. கயித்துல வாளி விட்டுத்தான் அள்ளணும்."

அவன் கயிற்றை எடுத்து வந்தான். மூடியைத் திறந்தார்கள். பினாயிலுக்கு அடங்காத நாற்றம் எழுந்தது. நாலு வாளிக்குள் அவன் சட்டையெல்லாம் கரைசல்.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்தியபடி வாசலில் நின்றாள். "அண்ணனும் மகாராஜா ஆயாச்சா?" என்றாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"உள்ள போய்ப் படு. தொட்டி சரியாகற வரைக்கும் நீ அடுப்புப் பக்கமே போகாத. உனக்கும் சேர்த்து நான் ஆக்குறேன்."

நாத்தனார் போனாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விறகு பொறுக்க வேண்டும். அதற்கு முன் இந்த வாளி.

"இழுங்க" என்றாள்.