வருந்திக் கேட்டல்

பிறர் வீட்டில் எதையும் முதல் தரம் கேட்டவுடனே எடுக்கக்கூடாது. நிமலினிக்கும் தம்பி பிறேமுக்கும் தாய் நவமணி சொல்லி வளர்த்த சட்டங்களில் இதுதான் முதலாவது. முதல் தரம் கேட்பது மரியாதைக்கு. இரண்டாம் தரம் கேட்பது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. "உதென்ன வெக்கம், எடும் பிள்ளை" என்று மூன்றாம் தரமும் வருந்திக் கேட்டால்தான் கேட்கிறவருக்கு உண்மையிலேயே தர விருப்பம். அப்போது எடுக்கலாம். அதுவும் ஒன்றே ஒன்று.

பிறேம் ஏழு வயதில் இந்தச் சட்டத்தை மீறினான். நேசையா மாஸ்டர் வீட்டில் நத்தார் கேக் தட்டு வந்ததும் கையை நீட்டிவிட்டான். மேசைக்குக் கீழே அம்மா நுள்ளிய நுள்ளில் கேக் தொண்டையில் அடைத்தது. அடுத்த வருடம் அதே வீட்டில், அதே தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். மாஸ்டர் வேறு ஏதோ யோசனையில் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். திருநெல்வேலிச் சந்தி வரைக்கும் அவன் விம்மிக்கொண்டே வந்தான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் நிமலினி. அவனை விட அவளுக்குப் பதின்மூன்று வயது கூட. அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலமெல்லாம் அவனைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தி வளர்த்தது அவள்தான்.

அந்தத் தம்பி இப்போது பிரேசிலில் இருந்தான். கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனவன், வழியில் சில கிழமை தங்கவேண்டிய நாட்டிலேயே தங்கிவிட்டான். கடலோரத்துப் பெரிய நகரங்களில்கூட இல்லை. உள்நாட்டில், மேட்டுநிலத்தில், உபெர்லாண்டியா என்ற ஊரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். லூசியானா என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருந்தான். அனா என்று ஒரு மகளும் இருந்தாள். நிமலினி புவியியல் ரீச்சர். ஓய்வு பெறும் வரைக்கும் வருடா வருடம் சுவர்ப் படத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டிய இடம் அது. பிரேசிலின் மேட்டுநிலம், செம்மண், கோப்பிச் செய்கை. தம்பி அங்கே போன பிறகு அந்த இடத்தைத் தொடும்போது மட்டும் பிரம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும். பிள்ளைகள் கவனித்ததில்லை.

அம்மா பாரிசவாதத்தில் நெடுநாள் கிடந்து போன வருடம் கண்ணை மூடினாள். அடக்க ஆராதனையைப் பிறேம் தொலைபேசியில் பார்த்தான். அதன் பிறகு பலாலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டில் நிமலினி தனியே இருந்தாள். மேல்மாடியில் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படி. சில நாட்களில் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல், பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோக்காரனுக்குச் சொல்லும் "ஒரு றாத்தல்" என்பதாக இருக்கும். சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

பிறேம் ரிக்கற் போட்டு அனுப்பினான். ஒரு மாதம் நின்றுவிட்டுப் போகலாம் என்றான். நிமலினி போனது ஊர் பார்க்க அல்ல. தம்பி தன்னை அங்கேயே இருக்கச் சொல்லுவான் என்று போனாள். ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டது குறைவு. ஆனால் பெட்டியில் அம்மாவின் கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை வைத்தாள். அம்மாவின் வேதப்புத்தகத்தையும், தன் பழைய கம்பளிச் சட்டைகள் எல்லாவற்றையும் வைத்தாள். ஒரு மாதப் பயணத்துக்கு யாரும் சட்டம் போட்ட படம் கொண்டு போவதில்லை.

சாவோ பாவுலோ விமான நிலையத்தில் தம்பியைக் கண்டதும் அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பாவின் வழுக்கை வந்திருந்தது. அங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பேருந்து. கரும்புத் தோட்டம் முடிய மண் தெரியும். மண் முடியத் திரும்பக் கரும்பு. மண் இணுவில் தோட்டத்து மண்ணைப் போலச் சிவப்பாக இருந்தது.

"எங்கடை செம்பாடு மாதிரி," என்றாள்.

"ஓம் அக்கா. சப்பாத்திலை பிடிச்சால் கழுவேலாது," என்றுவிட்டு அவன் நித்திரையாகிவிட்டான்.

வீடு சின்னது. அனாவின் அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை தலையணையைத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பனின் அறைக்குப் போனது. லூசியானா உயரமான பெண், வாய் நிறையச் சிரிப்பு. அவள் இழுத்துப் போட்டு "கதெய்ரா" என்று காட்டியது கதிரை என்று விளங்கியபோது நிமலினிக்குக் கண் மலர்ந்தது. "கதிரை!" என்றாள். இரண்டு பேரும் எழும்பி வீடு முழுக்க நடந்தார்கள். மேசை, யன்னல், துவாய், சப்பாத்து, எல்லாம் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள். லூசியானா கைதட்டினாள். பிறகு சொற்கள் முடிந்துவிட்டன. தளபாடங்களை வைத்து எவ்வளவு நேரம் கதைக்க முடியும்? இருவரும் அந்தக் கதிரைகளில் இருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லூசியானா மரவள்ளி மாவிலும் பாற்கட்டியிலும் சுட்ட சின்னப் பாண் உருண்டைகளைச் சூடாகக் கொண்டுவந்து நீட்டினாள். நிமலினி சிரித்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். லூசியானா தலையசைத்துத் தட்டை உள்ளே கொண்டு போனாள். இரவுச் சாப்பாட்டிலும் அப்படியே. இரண்டாம் கரண்டி சோற்றுக்கு நிமலினி வேண்டாம் என்றதும் சட்டி மூடப்பட்டது. மறுநாளும் அதே கதைதான். பசி பொறுக்காமல், தம்பிக்கென்று கொண்டு வந்த, தட்டை போலக் கடினமான பருத்தித்துறை வடைப் பொதியைப் பிரித்து, கட்டிலில் இருந்து சத்தம் வராமல் எச்சிலில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாள்.

பொதியைக் கண்ட பிறேம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எனக்கெண்டு கொண்டு வந்ததை நீயே முடிச்சிட்டியே! அக்கா, இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. லூசியானா உனக்கு வயித்திலை ஏதோ வருத்தமெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள்."

"ஒருக்காக் கேட்டால் ஆராவது எடுப்பினமே? பறங்கியாக்களெண்டாலும் ஒரு முறை இல்லையே?"

"நான் வந்த புதுசிலை பாதியாப் போனன். பிறகு பழகீட்டுது."

பழகிவிட்டது. அந்தச் சொல்லை அவள் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்திருந்தாள். அடுத்த வேளையிலிருந்து எதை நீட்டினாலும் உடனே ஓம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தொடையில் நுள்ளு விழுமோ என்று கால் தானாக உள்ளே இழுத்தது.

பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அவள் நடந்து போவாள். அகலமான வீதிகள் ஏறி ஏறி இறங்கின. ஆனி மாதம் அங்கே மழையில்லாத குளிர்காலம். காலையில் கம்பளிச் சட்டை, மத்தியானம் வெயில். தேவாலயத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் வாங்கில் குந்தி, கிழவர்கள் விளையாடுவதைப் பார்ப்பாள். இந்த இடத்தின் மழைவீழ்ச்சி அவளுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரியும். ஒரு பிளேன்ரீ எங்கே கிடைக்கும் என்று தெரியாது. ஒருநாள் ஒரு மனுசி பக்கத்தில் வந்திருந்து நெடுநேரம் தன் கதையைச் சொன்னாள். நிமலினி தலையை ஆட்டிக் கேட்டாள். எழும்பிப் போகும்போது அந்த மனுசி அவள் கையைத் தடவிவிட்டுப் போனாள். அந்தத் தடவலை அன்று முழுக்க அவளால் மறக்க முடியவில்லை. இங்கேயும் தனிமைதான். என்றாலும் பின்னேரம் கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்கும். "அக்கா" என்று ஒரு குரல் கூப்பிடும். அது போதும் என்று இருந்தது.

மூன்றாவது ஞாயிறு காலை, பின்முற்றத்தில் உடுப்புக் கம்பிக்குக் கீழே இருந்து அக்காவும் தம்பியும் கோப்பி குடித்தார்கள். பிறேம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? பேசாமல் இஞ்சை வந்து எங்களோடை இருந்திடன்."

வார்த்தை மாறாமல் அவள் எதிர்பார்த்த கேள்வி. வாய் தன்பாட்டில் பதில் சொன்னது.

"உனக்கென்ன விசரே? வீடு வாசலை விட்டிட்டு நான் இஞ்சை வந்து என்ன செய்யிறது?"

"சரி," என்றான் பிறேம். கோப்பியைக் குடித்து முடித்தான். எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினான்.

பாண் உருண்டைக்கு ஓம் சொல்லப் பழகிய நாக்கு இதற்குப் பழகவில்லை. தம்பி இந்த ஊர்க்காரனாகிவிட்டான், இல்லையென்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டான் என்று நினைத்தாள். பிழை தன்னுடையது. ஆனாலும் ஒரு நப்பாசை. வளர்த்த கை, ஒருவேளை திரும்பக் கேட்பான். அவன் கேட்பதற்கு வசதியாகக் கதையை அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி விட்டாள்.

"உந்த வெய்யில் என்ரை முழங்காலுக்கு நல்லாத்தான் இருக்கு."

"ம். இஞ்சை காத்துக் காய்ஞ்ச காத்து."

"லூசியானாவும் பாவம். வேலையாலை வந்து சமைக்கிறாள். ஆராவது உதவிக்கு இருந்தால்..."

"அவளுக்கு அது பழக்கமக்கா."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அனா தகப்பனிடம் ஏதோ கேட்டாள். லூசியானா சட்டென்று அவளை அதட்டினாள்.

"என்னவாம் பிள்ளை?"

"உனக்குக் குளிருதோ எண்டு கேக்கிறாள்," என்றான் பிறேம்.

குளிருதோ என்று கேட்டதற்கு யாரும் பிள்ளையை அதட்டுவதில்லை. நிமலினி அனாவைப் பார்த்து, குளிரவில்லை என்று தலையை ஆட்டினாள். அனா தன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும் நாள் வந்தது. சதுக்கத்து வாங்கில் இருந்தே அவள் முடிவெடுத்திருந்தாள். வெட்கத்தை விட்டுத் தானே கேட்டுவிடுவது. "தம்பி, அண்டைக்குக் கேட்டியெல்லே, எனக்கு விருப்பம்தான்." ஒரு வசனம். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்கக் கத்தியவளுக்கு ஒரு வசனம் சொல்ல முடியாதா? படத்தையும் வேதப்புத்தகத்தையும் அனாவின் அறை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று கூட நினைத்தாள். பிறகு எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பிறேம் மட்டும் வந்தான். கடையை விட்டுவிட்டு விமான நிலையம் வரைக்கும் அவனால் வர முடியவில்லை. சாவோ பாவுலோவில் அவனுடைய கூட்டாளி றஞ்சித் காத்திருந்து விமானம் ஏற்றிவிடுவான். பேருந்து வந்து நின்றது. சாரதி பெட்டியை வாங்கிக் கீழே அடுக்கினான். நிமலினி தொண்டையைச் செருமினாள்.

பிறேம் ஒரு பையை நீட்டினான். "இந்தா அக்கா. லூசியானா சுட்டது. அதோடை கொய்யாப்பழ அல்வா ரின்."

"வேண்டாமடா. பாரம்." பழக்க தோசம், வாயில் வந்துவிட்டது.

"வழியிலை பசிக்கும். பிடி."

"பிளேனிலை தருவாங்கள்தானே. வச்சுப் பிள்ளைக்குக் குடு."

"உதென்ன கதை! பிடியெண்டால் பிடி," என்று அவளுடைய தோள்பையை இழுத்துத் திறந்து, பொதியை உள்ளே திணித்துச் சிப்பை இழுத்து மூடினான்.

நிமலினி அவன் கையைப் பார்த்தாள். சிப்பை இழுத்த அந்தக் கையை. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் எதையும் மறந்திருக்கவில்லை.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் நிமிர்ந்தான். ஏதோ கேட்கப் போகிறாளோ என்ற பயம் அவன் கண்ணில் இருந்தது. நேசையா மாஸ்டர் வீட்டு மேசையில், முதல் வருடம், அம்மாவின் அடுத்த நுள்ளை எதிர்பார்த்துப் பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வையை அவளால் எக்காலத்திலும் தாங்க முடிந்ததில்லை.

"எனக்கு அங்கை ஒரு குறையுமில்லைத் தம்பி," என்றாள். "சேர்ச், அயல், மேலே கம்பஸ் பிள்ளையள். பொழுது போறதே தெரியாது. நீ என்னை நினைச்சு யோசியாதை."

அவன் தோள் இறங்கியது. கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினான். பேருந்து வெளிக்கிட்ட பிறகும் கையைக் காட்டிக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளைதான். சிவந்த மண் வந்தது. பிறகு கரும்பு வந்தது.

திருநெல்வேலியில் அவள் வந்திறங்கிய அன்று பின்னேரமே மதிலுக்கு அப்பால் இருந்து உதயகலா வந்துவிட்டாள். அயல் வீட்டுக்காரி, பத்து வருடப் பழக்கம், மனதில் ஒன்றையும் வைத்திருக்கத் தெரியாதவள்.

"என்ன ரீச்சர், வெள்ளையாப் போனியள்! தம்பியார் சுகமே? பொம்பிளை எப்பிடி?"

"தங்கமான பிள்ளை."

"உங்களை அங்கை இருக்கச் சொல்லேல்லையே?"

"சொன்னவன்."

உதயகலா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "சும்மா ஒரு பேச்சுக்கோ? வருந்திக் கேட்டவனோ?"

யன்னல் தட்டில் அம்மாவின் படம் பழைய இடத்தில் திரும்ப வந்து நின்றது. நிமலினி அதை நேராக்கினாள்.

"வருந்தி வருந்திக் கேட்டவன். நான்தான் ஏலாதெண்டிட்டன். உந்த வீட்டை ஆர் பாக்கிறது?"

"அதுதானே. வளத்த பாசம் விடுமே," என்றாள் உதயகலா, தானே கேட்கப்பட்டது போலத் திருப்தியாக.

நிமலினி உள்ளே போய் அந்த ரின்னை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். அல்வா கருஞ்சிவப்பாக, வெட்டுப்படாமல் இருந்தது. ஒரு துண்டு வெட்டிப் பீங்கானில் வைத்து நீட்டினாள்.

"எடும் உதயா. அங்கத்தைச் சாமான்."

"ஐயோ வேண்டாம் ரீச்சர்."

"எடும்."

"இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்."

உதயகலாவின் கண் பீங்கானில் இருந்தது. மேலே கம்பஸ் பிள்ளைகள் வெளிப்படியால் ஏறிப்போகும் சத்தம் கேட்டது, கதவு சாத்தப்பட்டது. பீங்கான் நிமலினியின் கையில் அப்படியே நின்றது. இந்த இடத்தில் நிறுத்திவிடுவது எவ்வளவு லேசு என்று அவளுக்குத் தெரிந்தது. கையை மடக்கவேண்டும், அவ்வளவுதான். யாரும் பிழை சொல்ல முடியாது. கேட்டேன், வேண்டாமென்றாள்.

"உதென்ன வெக்கம்," என்றாள் நிமலினி. குரல் கரகரத்தது. பீங்கானை உதயகலாவின் மடியில் வைத்தாள். "எடும் எண்டுறன்."