முயல் கதையும் தவறான பக்கமும்

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பாடத்தை வாசிக்கச் சொன்னால் தண்ணீர் பட்டபாடாகக் கடகடவென்று வாசிப்பாள். போன வருடம் வாசிப்புக்கான கோப்பையை அவளுக்குக் கொடுத்தது இதே வகுப்பு டீச்சர்தான்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, மின்விசிறிக் காற்றில் அவள் புத்தகம் இரண்டு பக்கம் புரண்டுவிட்டது. ரேடியோ நிறுத்தவில்லை. விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே முயல் கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். விரலுக்கடியில் இருந்ததோ மழைநீர் பற்றிய பாடம்.

பக்கத்தில் நின்ற டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். இடைவேளையில் அவளைத் தனியாக உட்காரவைத்து, ஒரு துண்டுத்தாளில் ‘வயல்’ என்று எழுதிக் காட்டினார்.

“தாகமா இருக்கு டீச்சர்.”

“குடிச்சிட்டு வா.”

குடித்துவிட்டு வந்து தாளையே பார்த்தாள். “முதல்ல வேற யாராவது வாசிக்கட்டும். அப்புறம் நான் சொல்றேன்.”

முதலில் கண்ணையும் காதையும் சோதித்தார்கள். இரண்டிலும் குறையில்லை. பிறகு வாரம் ஒருமுறை வரும் சிறப்பு ஆசிரியை, நான்கு வாரம் அவளோடு உட்கார்ந்து பார்த்தார்.

“நல்ல புத்திசாலி. எழுத்துக்கும் சத்தத்துக்கும்தான் முடிச்சு விழல. கேட்டுக் கேட்டே மூணாம் வகுப்பு வரைக்கும் வந்துட்டா” என்றார்.

தையல் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.

“கோப்பை கொடுத்தது நீங்கதானே? இப்ப வாசிக்கத் தெரியலன்னா என்ன அர்த்தம்?”

“நான்தான் கொடுத்தேன். கவனிக்காம விட்டதும் நான்தான்.”

அம்மா அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றினாள். “மக்குன்னு சொல்லி தனியா உட்கார வச்சிடுவீங்களா?”

“அதே பெஞ்சுதான், அதே கூட்டாளிங்கதான்” என்றார் சிறப்பு ஆசிரியை. “தினம் அரை மணி நேரம் மட்டும் எழுத்துப் பயிற்சி. பரீட்சையில கேள்வியை நாங்க வாசிச்சுக் காட்டுவோம். பதிலை அவ வாயால சொல்லட்டும்.”

கதவோரம் நின்ற ரேடியோ கேட்டாள்: “அப்போ கோப்பையைத் திருப்பிக் குடுக்கணுமா?”

“வேண்டாம்டா. அவ்வளவையும் மனசுல வச்சிருந்தியே, அது சின்ன வேலையா?” என்றார் டீச்சர்.

மறுநாளிலிருந்து ரேடியோ மணல் தட்டில் விரலால் எழுதினாள். ஒலியைச் சொல்லிச் சொல்லி எழுத்து அட்டைகளைச் சேர்த்தாள். முதல் இரண்டு மாதம் பெரிய முன்னேற்றம் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத நாட்களும் உண்டு. ஒருமுறை அட்டைகளை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். டீச்சர் போய்ப் பொறுக்கிவந்தார், திட்டவில்லை.

வருடக் கடைசியில், இதுவரை பார்க்காத ஒரு சிறு புத்தகத்தில் முழுப் பக்கத்தை வாசித்தாள். பத்து நிமிடம் ஆனது. மதிப்பெண் அட்டையில் டீச்சர் எழுதினார்: ‘மெதுவாக வாசிக்கிறாள். தானாக வாசிக்கிறாள்.’ அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரமே, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பாடத்திலும் இல்லாத நான்கு வரிகளை வாசிக்கச் சொன்னார். இரண்டு பேருக்குத் தாகமெடுத்தது. அன்று மாலையே சிறப்பு ஆசிரியைக்குப் போன் செய்தார்.